1919-லேயே சம உரிமை எழுதிவிட்டார்களே, 1949-ல் ஏன் மறுபடியும் சண்டை?

மேலூர் செல்வி:
வணக்கம். எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். ஜெர்மன் பெண்களின் அரசியல் உரிமை பற்றி வகுப்பில் பேச வேண்டும். 1918 நவம்பரில் ஓட்டுரிமை வந்தது. 1919 ஜனவரித் தேர்தலில் 37 பெண்கள் ஜெயித்தார்கள். அதே வருஷத்து அரசியல் சட்டம் ஆண், பெண் இருவருக்கும் ஒரே உரிமை என்றது. பிறகு 1949 அரசியல் சட்டத்தில் சம உரிமையைச் சேர்க்க எலிசபெத் செல்பர்ட் என்ற பெண் வக்கீல் ஏன் மறுபடியும் போராட வேண்டியிருந்தது? ஹிட்லர்தான் காரணமா?

எங்கள் அம்மா ஊராட்சித் தலைவர். கூட்டத்தில் அந்த நாற்காலியில் உட்காருவது பெரியப்பா. அதனால் இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

வைகைக்கரையான்:
அவரும் காரணம்தான் தங்கச்சி. நாஜிக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்களில் ஒரு பெண்கூடக் கிடையாது.

அண்ணாநகர் வக்கீலம்மா:
மதுரைக் கோர்ட்டில் குடும்ப வழக்குகள் நடத்துகிறேன். செல்வி, 1919-ன் 109-வது பிரிவைப் படித்துப் பாரம்மா. குடிமக்கள் என்ற முறையில் உள்ள உரிமைகளைத்தான் அது சொல்கிறது. ஓட்டுப் போடலாம், தேர்தலில் நிற்கலாம். வீட்டுக்குள்ளே 1900-ல் அமலுக்கு வந்த சிவில் சட்டம்தான். எங்கே குடியிருப்பது என்பதிலிருந்து எல்லாம் கணவன் வைத்ததே முடிவு. மனைவி கொண்டுவந்த சொத்தை நிர்வகிப்பதும் அவன்தான்.

செல்பர்ட் விவாகரத்துச் சட்டத்தை ஆராய்ந்து 1930-ல் டாக்டர் பட்டம் வாங்கியவர். சட்டத்தில் இருந்த ஓட்டை எங்கே என்று தெரிந்த வக்கீல். 1948-ல் பான் நகரில் அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்த 65 பேரில் பெண்கள் 4 பேர். ‘ஆண்களும் பெண்களும் சம உரிமை உடையவர்கள்’ என்று அவர் கேட்ட வரிக்கு மற்ற மூன்று பெண்களே முதலில் தயங்கினார்கள். அது வந்தால் குடும்பச் சட்டத்தில் பெரும்பகுதி செல்லாமல் போகும் என்ற பயம். டிசம்பரில் குழுவில் தோற்றது. அவர் விடவில்லை, ஊர் ஊராகப் போய்ப் பேசினார். மகளிர் அமைப்புகளும் தொழிற்சங்கப் பெண்களும் கடிதங்களாக அனுப்பிக் குவித்தார்கள். 1949 ஜனவரி 18-ல் அதே குழு ஏற்றுக்கொண்டது.

அதோடு முடியவில்லை. பழைய சட்டங்களைத் திருத்த 1953 மார்ச் 31 வரை கெடு. நாடாளுமன்றம் அதைக் கோட்டை விட்டது. ஆனால் கெடு தாண்டினால் முரணான சட்டங்கள் தாமாகவே செல்லாது என்று புது அரசியல் சட்டத்தின் 117-வது பிரிவிலேயே இருந்தது! நீதிபதிகள் நேரடியாக அந்த ஒற்றை வரியை வைத்தே தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கிறது. 1958-ல் புதுச் சட்டம் அமலானபோதும், பிள்ளைகள் விஷயத்தில் கருத்து வேறுபட்டால் அப்பா சொல்வதே முடிவு என்று வைத்திருந்தார்கள். 1959-ல் அரசியல் சட்ட நீதிமன்றம் அதையும் அடித்தது.

மேலூர் செல்வி:
நன்றி அம்மா. 117 என் பாடப் புத்தகத்தில் இல்லை. செல்பர்ட் அப்புறம் மந்திரி ஆனாரா?

அண்ணாநகர் வக்கீலம்மா:
இல்லைம்மா. 1949 தேர்தலில் நாடாளுமன்றத்துக்கே போக முடியவில்லை. ஹெஸ்ஸன் மாநிலச் சட்டசபையில் 1958 வரை இருந்தார். வக்கீல் தொழிலை விடவில்லை.

உங்கள் அம்மா அடுத்த கிராம சபையில் தீர்மானத்தைத் தானே வாசித்து, தானே கையெழுத்துப் போடட்டும். பெரியப்பா குறுக்கே வந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பு. மனு எழுதித் தருகிறேன்.