மறு: 'விளையாட்டுச் சிகிச்சை' சரியான சொல்தானா?

அனைவருக்கும் வணக்கம். மனம் வாடிய குழந்தைகளுக்கு விளையாட்டின் வழியாகவே உதவும் முறையை (play therapy) தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் பேச்சு.

"விளையாட்டுச் சிகிச்சை என்பதே புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?" என்று நண்பர் கேட்டிருந்தார். போன வாரம் வரை எனக்கும் அதே எண்ணம்தான். காசிமேட்டுப் பெற்றோருக்காக ஒரு துண்டறிக்கை எழுதியபோதுதான் மாறியது.

அதைப் படித்த ஒரு தாய், "கால்ல அடிபட்ட பசங்களுக்காம்மா?" என்றார். அவர்மேல் தவறில்லை. வியாசர்பாடியில் கால்பந்து, தெருவுக்குத் தெரு கேரம் என்று இருக்கிற வடசென்னையில் விளையாட்டு என்றதும் அதுதான் நினைவுக்கு வரும். விளையாட்டு மருத்துவம் என்று தனித்துறையே உண்டு. இன்னொருவர், "விளையாடினா சரியா பூடுமா?" என்று கேட்டார். 'விளையாட்டாச் சொன்னேன்' என்கிறோமே, அந்தப் பொருளும் இதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மனச்சோர்வு உள்ள குழந்தை எப்போதும் சோர்ந்து உட்கார்ந்திருக்காது. எரிந்து விழும், அடிக்கடி வயிற்றுவலி என்று சொல்லும், ஆசையாக வைத்திருந்த சொப்பைக்கூடத் தொடாது. என்ன கவலை என்று கேட்டால் ஆறேழு வயதில் சொல்லத் தெரியாது. களிமண், பொம்மைக் குடும்பம், மணல் தட்டு கொடுத்தால் காட்டிவிடும். அப்பா பொம்மையை மணலில் புதைக்கும். பக்கத்தில் இருக்கும் பெரியவர், "அப்பாவ உள்ள வெச்சு மூடிட்டே" என்று கண்டதை மட்டும் சொல்வார். ஏன் என்று கேட்கமாட்டார், புத்தி சொல்லமாட்டார். அடுத்தடுத்த வாரங்களில் குழந்தையே தோண்டி எடுக்கலாம்.

அதனால்தான் 'விளையாட்டுவழி ஆற்றுப்படுத்தல்' என்ற மாற்றுச்சொல்லும் எனக்கு ஒப்பவில்லை. ஆற்றுப்படுத்தல் என்றால் வழிகாட்டுவது. இந்த முறையின் முன்னோடிகளில் ஒருவரான அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947இல் வெளியிட்ட நூலில் வகுத்த எட்டு நெறிகளில் ஒன்று இதற்கு நேர் எதிரானது: குழந்தை முன்னே போகும், பெரியவர் பின்னே போவார். எல்லா முறைகளும் இப்படி அல்ல, பெரியவரே விளையாட்டைத் தீர்மானிக்கும் முறைகளும் உண்டு. ஆனால் நம் துண்டறிக்கை சொல்வது குழந்தை முன்னே போகும் முறையைத்தான். சிகிச்சைக்குப் 'பண்டுவம்' நல்ல தமிழ், ஆனால் அந்தத் தாய்க்குப் புரியாது. 'ஆடல்' என்றால் நடனமாகிவிடும்.

என் பரிந்துரை: விளையாடித் தேறுமுறை. காய்ச்சல் விட்டால் "புள்ள தேறிடுச்சு" என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். மனம் தேறுவதும் அதே சொல்தான். தேற்றுவது பிறர், தேறுவது குழந்தை. விளையாடுவதும் அதுவே. பரீட்சையில் தேறுவது குறுக்கே வருமே என்றால், முன்னால் 'விளையாடி' நிற்பதால் குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

அப்புறம், மணல் தட்டில் குழந்தை அமைக்கும் சின்ன உலகத்துக்குச் 'சிற்றில்' என்றே பெயர் வைக்கலாம். பிள்ளைத்தமிழில் அது ஒரு பருவம், மணலில் கட்டும் சிறுவீடு. இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அறையில் உடன் இருக்கும் அந்தப் பெரியவரை என்னவென்று அழைப்பது? 'தேற்றுநர்' என்றால் வேலை மறுபடி அவர் கைக்குப் போய்விடுகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கவேண்டும், அதற்குள் தோன்றுவதை எழுதுங்கள்.