பாங்க் அப், ஜீமெயில், பேபால்: முதலில எதைப் பூட்டுறது?

கொக்குவில் சரக்குத்தூள் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் வீட்டில சரக்குத்தூள், ஒடியல் மா, புழுக்கொடியல், பினாட்டு எண்டு பொதி செய்து விக்கிறன். பேஸ்புக்கில ஓடர் வரும். உள்ளூர் ஆக்கள் என்ர பாங்க் கணக்கில நேர போட்டு வட்ஸ்அப்பில சிலிப் அனுப்புவினம். லண்டன் ஓடர் எண்டால் அங்க இருக்கிற தங்கச்சியின்ர பேபாலுக்குக் காசு போகும், அவ சேத்து எனக்கு அனுப்புவா.

போன கிழமை ஒரு கோல் வந்தது. நல்ல தமிழ், ஆனா எங்கட பக்கத்துத் தமிழ் இல்லை. "மெடம், உங்கட கணக்கு இண்டைக்குப் பின்னேரத்தோட முடங்கப் போகுது. இப்ப போனுக்கு ஆறு இலக்கம் வரும், அதைச் சொன்னால் நிப்பாட்டலாம்" எண்டார். என்ர முழுப்பேர், பாங்க், கிளை எல்லாம் சரியாச் சொன்னார். நான் அடுப்பில மல்லி வறுத்துக்கொண்டு நிண்டனான். கருகப் போகுது, பேந்து எடுங்கோ எண்டு வைச்சிட்டன். பேந்து எடுக்கேல்ல.

என்ர மனிசன் பாங்கையே மாத்துவம் எண்டுறார். எனக்கு அது பிரச்சினை தீர்க்கிற மாதிரித் தெரியேல்ல. என்ர நிலைமை இதுதான்: பாங்க் அப், ஜீமெயில், வட்ஸ்அப் எல்லாம் ஒரே போனில. சிம் கனடா போன மச்சாளின்ர பேரில. பாஸ்வேர்ட் எல்லாம் ஒரு கொப்பியில எழுதி வைச்சிருக்கிறன். பின்னேரத்தில மகன் அதே போனில கேம் விளையாடுவான். ஸ்கிரீனும் வெடிச்சுப் போய்க் கிடக்கு, திருத்தக் குடுக்க வேணும். எல்லாத்தையும் ஒரே நாளில செய்ய எனக்கு நேரமில்லை. எதை முதல் செய்யிறது எண்டு ஆரும் தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

---

வடமராட்சி வாத்தி:

போனில இருந்து பாங்க் அப்பை அழிச்சுப்போட்டு பாஸ்புக்கோட இருங்கோ. எங்கட அம்மா அப்பிடித்தான் இருந்தவ, ஒரு சதமும் போகேல்ல.

---

கொக்குவில் சரக்குத்தூள்:

சேர், ஒவ்வொரு ஓடருக்கும் காசு வந்ததோ எண்டு பாக்க நான் பாங்கில போய் வரிசையில நிண்டால் தூள் ஆர் இடிக்கிறது?

---

சுன்னாகம் போன்கடை:

அக்கா, அவன் உங்கட பேர், கிளை சொன்னதில ஒரு புதினமும் இல்லை. உங்கட பேஸ்புக் பக்கத்தில காசு போட எண்டு நீங்களே அதெல்லாம் போட்டிருப்பியள். விக்கிற ஆக்கள் போடத்தான் வேணும். கணக்கிலக்கத்தை வைச்சு உங்களுக்குக் காசு போடலாமே தவிர எடுக்க ஏலாது. அவனுக்குக் குறையாக் கிடந்தது அந்த ஆறு இலக்கம் மட்டும்தான். பாங்கை மாத்தினாலும் அதே பேஸ்புக் பக்கத்தில புதுக் கணக்கைப் போடுவியள், அதே கோல் வரும்.

நான் கனகாலமா போன் திருத்திற ஆள். காசு போச்சு எண்டு அழுதுகொண்டு வாறவையை நிறையப் பாத்திருக்கிறன். ஒருத்தருக்கும் பாங்கின்ர கொம்பியூட்டரை உடைச்சுக் காசு போனதாக் காணேல்ல. சிம்மால போயிருக்கும், ஈமெயிலால போயிருக்கும், இல்லாட்டி தாங்களே இலக்கத்தை வாயால சொல்லியிருப்பினம். அதால பாங்க் அப்பைக் கடைசியாப் பாப்பம். முதல் சிம்.

மச்சாளின்ர பேரில சிம் எண்டது என்ர கடைக்கு வாறவையில கனபேருக்கு இருக்கிற வருத்தம். வெளிநாடு போன அண்ணன்ர சிம், மோசம் போன அப்பான்ர சிம், ஆற்றையோ அடையாள அட்டையில கடைக்காரன் போட்டுத் தந்த சிம். ஓடுமட்டும் ஓடும். போன் துலைஞ்ச அண்டைக்குத்தான் விளங்கும். அதே நம்பரில புது சிம் கேட்டால் பேருக்குரிய ஆள் வரவேணும் எண்டுவினம். ஆள் ஸ்காபரோவில. பாங்கோ அந்த நம்பருக்குத்தான் ஓடிபி, அதுதான் அந்த ஆறு இலக்கம், அனுப்பும். வீடு உங்கட பேரில, திறப்பு இன்னொராளின்ர பேரில எண்ட கதை.

மச்சாள் நல்லூர்த் திருவிழாவுக்கு வாறா எண்டால் கையோட கூட்டிக்கொண்டு போய்ப் பேரை மாத்துங்கோ. வரமாட்டா எண்டால் உங்கட அடையாள அட்டையில புது சிம் எடுத்து, நேர பாங்குக்குப் போய் அந்த நம்பரைப் பதியுங்கோ. பழைய நம்பர் வாடிக்கைக்காரருக்குப் பழகின நம்பர், அது வட்ஸ்அப்புக்கு இருக்கட்டும். ஓடிபி வாற நம்பர் ஊருக்குத் தெரியாமல் இருக்கிறது இன்னும் நல்லம். வட்ஸ்அப்பிலயும் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு ஆறு இலக்கப் பின் வையுங்கோ. உங்கட வட்ஸ்அப்பைப் பிடிச்சால் உங்கட பேரில வாடிக்கைக்காரர் எல்லாரிட்டையும் புதுக் கணக்கிலக்கம் குடுத்துக் காசு கேப்பாங்கள். லண்டன், கனடாவில இருக்கிற சொந்தக்காரரிட்டையும் "அவசரம்" எண்டு கேப்பாங்கள், அவையும் யோசிக்காமல் போடுவினம்.

இன்னொண்டு, ஆரும் செய்யிறேல்ல: சிம்முக்கே ஒரு பின் போடலாம். போனுக்குப் பூட்டு இருக்கு எண்டு நினைக்கிறம். கள்ளனுக்குப் போனைத் திறக்கத் தேவையே இல்லை. ஊசியால சிம்மைக் கழட்டித் தன்ர போனில போட்டால் ஓடிபி அவனுக்கு வரும். சிம் பின் இருந்தால் வேற போனில போட்ட உடன அது பின் கேக்கும். மூண்டு தரம் பிழையா அடிச்சால் பூட்டும், பிறகு பக் எண்ட எட்டு இலக்கம் வேணும், அதையும் பத்துத் தரம் பிழையா அடிச்சால் சிம் செத்துப்போம். ஆனா கவனம்: இதை முதல் போடேக்க ஏற்கனவே இருக்கிற பின்னைக் கேக்கும். ஊகிச்சு அடிச்சுப் பாக்காதேங்கோ. சிம் வந்த அட்டையைப் பாருங்கோ, இல்லாட்டி கம்பனிக்கு எடுத்துக் கேளுங்கோ. பூட்டின ஸ்கிரீனில மெசேஜின்ர எழுத்துத் தெரியிறதையும் நிப்பாட்டுங்கோ. ஓடிபி அங்கயே தெரிஞ்சால் பூட்டி என்ன பிரியோசனம்.

திடீரெண்டு உங்கட போனில சிக்னல் இல்லை, பக்கத்தில அதே கம்பனிச் சிம் வைச்சிருக்கிறவைக்கு இருக்கு எண்டால், கரண்ட் வரட்டும் பாப்பம் எண்டு இருக்காதேங்கோ. ஆரோ உங்கட நம்பரில வேற சிம் எடுத்திருக்கலாம். வேற போனில இருந்து கம்பனிக்கும் பாங்குக்கும் உடன எடுங்கோ.

அடுத்தது ஜீமெயில். பாஸ்வேர்ட் மறந்திட்டன் எண்டால் பேஸ்புக், பேபால் எல்லாம் லிங்க் அனுப்புறது அங்கதான். ஜீமெயிலைப் பிடிச்சவனுக்கு மிச்சம் எல்லாம் தானா வரும். அதால வேற எங்கயும் பாவிக்காத நீளமான பாஸ்வேர்ட் அதுக்கு வையுங்கோ. இரண்டு கட்டச் சரிபார்ப்புக்கு, அதாவது பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு இலக்கமும் கேக்கிறதுக்கு, எஸ்எம்எஸ்ஸை விட ஓதென்ரிகேற்றர் அப் நல்லம். அது 30 செக்கனுக்கு ஒருக்கா ஆறு இலக்கத்தைப் போனுக்குள்ளயே உண்டாக்கும், சிக்னலும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். போன் கையில இல்லாத நேரம் உள்ள போகக் கூகுள் பத்து மாற்றுக் குறியீடும் தரும், ஒவ்வொண்டும் எட்டு இலக்கம், ஒருக்காத்தான் பாவிக்கலாம். அதைக் கடுதாசியில எழுதி வையுங்கோ.

பிறகு ஜீமெயிலைக் கொம்பியூட்டரில திறந்து, செட்டிங்ஸில மெயில் வேற ஆருக்கும் தானாப் போகுதோ, நீங்கள் போடாத வடிகட்டி (ஃபில்டர்) ஏதும் கிடக்கோ எண்டு பாருங்கோ. உள்ள வந்த கள்ளன் முதல் செய்யிறது அதுதான். பாங்கில இருந்து வாற எச்சரிக்கை மெயில் நேர குப்பைக்குப் போற மாதிரி வைச்சிடுவான், உங்களுக்கு ஒண்டும் தெரியாது. எந்தெந்தப் போனில உங்கட கணக்கு திறந்து கிடக்கு எண்ட பட்டியல் கூகுள் கணக்கின்ர பாதுகாப்புப் பக்கத்தில இருக்கு, அதையும் பாருங்கோ. பழைய போனை வித்தவையின்ர ஜீமெயில் அப்பிடியே உள்ள கிடக்கிற போன் என்ர மேசைக்கு எத்தினை வந்திருக்கு தெரியுமே!

கொப்பி பிழையில்லை. எங்கையோ இருந்து கோல் எடுக்கிறவன் உங்கட கொப்பிக்காகக் கொக்குவிலுக்கு வரமாட்டான். எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைச்சிருக்கிறவையை விட நீங்கள் நல்ல நிலையில இருக்கிறியள். அந்தக் கொப்பியைப் படம் எடுத்துப் போனில வைச்சிருந்தால் மட்டும் இப்பவே அழியுங்கோ. பாங்க் அப்பின்ர பின்னைக் கொப்பியில எழுதாதேங்கோ.

மகன்ர விசயம். பிளே ஸ்டோருக்கு வெளியால இறக்கிற ஏபிகே கேம்தான் பயம். காசு கட்டாமல் எல்லாம் திறக்கும் எண்டு பெடியள் தங்களுக்குள்ள அனுப்புவாங்கள். அதில ஒண்டு "அக்சசிபிலிட்டி" அனுமதி கேட்டு, பெடியன் சரி எண்டு அமத்தினால், நீங்கள் அடிக்கிற எழுத்தும் பாக்கிற ஸ்கிரீனும் அதுக்குத் தெரியும். பாங்க் அப் இருக்கிற போனில கேம் வேண்டாம். பழைய போன் ஒண்டைத் தேடி அவனுக்குக் குடுங்கோ, சிம் இல்லாமல்.

ஸ்கிரீன் மாத்த உங்கட பின் தேவையில்லை. கொஞ்சப்பேர் ஒரு துண்டில எழுதிப் போனுக்குப் பின்னால ஒட்டியே தருவினம். என்ர தொழிலுக்குள்ள இருந்துகொண்டுதான் சொல்லுறன், எனக்கும் தராதேங்கோ. மாத்தி முடிய நீங்கள் வந்து திறந்து தொட்டுப் பாத்தால் போதும்.

---

ஓய்வூதியக் காசாளர்:

போன்கடைத் தம்பி சொன்னது சரி. பாங்கு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் எண்ட முறையில் கொஞ்சம் சேர்க்கிறேன், பிள்ளை.

2015இல் வங்கிகளுக்கிடையே உடனுக்குடன் காசு மாற்றும் செஃப்ட்ஸ் முறை வந்த பிறகு ஒரு வங்கியில் இருந்து மற்ற வங்கிக்குக் காசு அந்தக் கணமே போய்ச் சேர்கிறது. வியாபாரத்துக்கு வசதி. கள்ளனுக்கும் அதே வசதி. அவன் தன் கணக்கில் வைத்திருக்கவும் மாட்டான். படிக்கிற பெடியன் ஒருவனுக்கு "உன் கணக்கில் காசு வரும், எடுத்துத் தா, தரகு தாறன்" எண்டு சொல்லி அவன் கணக்குக்கு அனுப்புவான். பிறகு பொலிஸ் வருவது அந்தப் பெடியன் வீட்டுக்குத்தான். உங்கள் மகன் வளர்ந்து வருகிறான் எண்டபடியால் இதை அவன் காதிலும் போட்டு வையுங்கள்.

ஆகவே கணக்கை இரண்டாக்குங்கள். பேஸ்புக்கில் போடும் கணக்கில் அன்றன்று வருவது மட்டும் இருக்கட்டும். சேமிப்பை இன்னொரு கணக்கில், அப்பில் இணைக்காமல், கார்ட்டும் எடுக்காமல் வையுங்கள். வாத்தியார் சொன்ன பாஸ்புக் அதுக்குத்தான் நல்லது. அப்பில் ஒரு நாளைக்கு அனுப்பக்கூடிய எல்லையைக் குறைத்து வைக்கலாம். வங்கி தந்த பெரிய எல்லை உங்களுக்கு எதுக்கு? கார்ட்டில் இணையக் கொள்வனவைப் பூட்டி வைக்கும் வசதி உங்கள் வங்கியில் இருந்தால் அதையும் பூட்டி, தேவைக்கு மட்டும் திறவுங்கள்.

சிலிப் படத்தை நம்பிப் பொதியை அனுப்பாதேங்கோ. படத்தை ஆரும் செய்யலாம். வங்கியின் பெயரில் வாற எஸ்எம்எஸ்ஸையும் போலியாக அனுப்பலாம், அது உண்மையான மெசேஜுகளுக்குக் கீழேயே வந்து நிற்கும். அப்பைத் திறந்து மீதியைப் பார்த்த பிறகே பொதி வெளிக்கிட வேண்டும். "தவறுதலாகக் கூடப் போட்டிட்டன், மிச்சத்தைத் திருப்பிப் போடுங்கோ" எண்டால் நீங்களாக ஒரு சதமும் அனுப்பாதேங்கோ. உண்மையிலேயே வந்திருந்தாலும் வங்கிக்குச் சொல்லுங்கள், வங்கி பார்க்கும்.

காசு போனால் முதல் அழைப்பு வங்கியின் 24 மணிநேர இலக்கத்துக்கு. அந்த இலக்கம் கார்ட்டின் பின்பக்கம் இருக்கும். இப்பவே ஒரு கடுதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கூகுளில் தேடினால் கள்ளன் போட்ட இலக்கமும் மேலே வரும். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிவிட்டுப் பிறகு பொலிசுக்குப் போங்கள். 2006இன் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுக் கருவிகள் மோசடிச் சட்டமும் 2007இன் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் இருக்கின்றன. ஓடிபி நீங்கள்தானே சொன்னீர்கள் எண்டு திருப்பி அனுப்பினாலும் முறைப்பாட்டைப் பதியச் சொல்லி நில்லுங்கள். இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் இலக்கம் 101. வங்கி பதில் சொல்லாமல் இழுத்தடித்தால் மத்திய வங்கியின் நுகர்வோர் பிரிவுக்கு 1935.

---

ஈஸ்ட்ஹாம் அக்கா:

லண்டன் பக்கத்துக் கதையை நான் சொல்லுறன். தங்கச்சியின்ர பேபாலை நீங்களும் கொக்குவிலில இருந்து திறந்து பாக்கிறனியளோ? பாக்கிறனியள் எண்டால் விடுங்கோ. ஒரே கணக்கு இரண்டு நாட்டில திறபட்டால் அவையே சந்தேகப்பட்டுப் பூட்டினாலும் பூட்டுவினம். வந்த காசின்ர பட்டியலை அவ வட்ஸ்அப்பில அனுப்பட்டும்.

"நண்பர், குடும்பம்" எண்ட வழியில காசு வாங்காதேங்கோ. கழிவு இல்லை எண்டுதான் எல்லாரும் கேப்பினம், ஆனா பொருள் வித்த காசை அப்பிடி வாங்கிறது பேபாலின்ர விதிக்கே பிழை. வாங்கினவைக்கும் பாதுகாப்பு இல்லை.

பேபாலின்ர உண்மையான முகவரியில இருந்தே கள்ள இன்வொய்ஸ் வரும் எண்டதையும் தங்கச்சிக்குச் சொல்லுங்கோ. ஆரும் ஒரு கணக்குத் திறந்து ஆருக்கும் பில் அனுப்பலாம்தானே. பெரிய தொகை ஒண்டைப் போட்டு, "நீங்கள் வாங்கேல்ல எண்டால் இந்த நம்பருக்கு எடுங்கோ" எண்டு குறிப்பில எழுதியிருப்பாங்கள். எடுத்தால் எனிடெஸ்க் போடச் சொல்லுவாங்கள், அது உங்கட போனையோ கொம்பியூட்டரையோ தூர இருந்து அவங்கள் இயக்க விடுற அப். பில்லைக் கட்டாமல் விட்டால் ஒண்டும் நடக்காது. அந்த நம்பருக்கு எடுக்கிறதுதான் வில்லங்கம்.

இஞ்ச 2024 ஒக்டோபர் 7 தொடக்கம், ஆளை ஏமாத்தி பாங்கால அனுப்பப் பண்ணின காசை 85,000 பவுண் மட்டும் பாங்குகள் திருப்பிக் குடுக்க வேணும் எண்டு விதி வந்திருக்கு. ஆனா அது பிரித்தானியாவுக்குள்ள நடக்கிற பாங்க் மாத்தலுக்கு மட்டும். தங்கச்சி ஆரையோ நம்பி யாழ்ப்பாணத்துக் கணக்கொண்டுக்குப் போட்டிட்டா எண்டால் அதில வராது. அதால உங்கட கணக்கிலக்கம் மாறினது எண்டு மெசேஜ் வந்தால் உங்களோட குரலில கதைச்ச பிறகுதான் போட வேணும் எண்டு இரண்டு பேரும் இப்பவே பேசி வையுங்கோ.

---

கொக்குவில் சரக்குத்தூள்:

எல்லாருக்கும் நன்றி. பேஸ்புக்கில கணக்கிலக்கம் கிடந்தது உண்மைதான், இப்ப விளங்குது. மச்சாள் இந்த முறை திருவிழாவுக்கு வரேல்ல, அதால நாளைக்கு என்ர பேரில புது சிம். தம்பி, இரண்டு கேள்வி. அந்தப் பத்து மாற்றுக் குறியீட்டை எங்க வைக்கிறது? இவர் தன்ர போனில படம் எடுத்து வைப்பம் எண்டுறார். மற்றது, ஸ்கிரீன் மாத்தக் கொண்டு வரேக்க பாங்க் அப்பை அழிச்சுப்போட்டே கொண்டு வாறது?

---

சுன்னாகம் போன்கடை:

படம் வேண்டாம் அக்கா. படம் கூகுளுக்குத் தானா ஏறும், பிறகு கூகுளுக்குள்ள போற திறப்பு கூகுளுக்குள்ளயே கிடக்கும். இரண்டு கடுதாசியில எழுதுங்கோ, ஒண்டு பாஸ்புக்கோட, மற்றது அம்மா வீட்டில. பாவிச்ச குறியீட்டை வெட்டி விடுங்கோ.

அப்பை அழிக்கத் தேவையில்லை. சாம்சங் எண்டால் செட்டிங்ஸில "மெயின்ரெனன்ஸ் மோட்" இருக்கோ எண்டு பாருங்கோ. அதைப் போட்டால் நான் ஸ்கிரீனைச் சோதிக்கலாம், உங்கட படம், மெசேஜ், அப் ஒண்டும் எனக்குத் தெரியாது. கொஞ்சம் பழைய போனில அது இராது. அப்பிடியெண்டால் சிம்மைக் கழட்டி வீட்டில வைச்சிட்டு வாங்கோ, மாத்தி முடியுமட்டும் பக்கத்தில கதிரையில இருங்கோ. ஞாயிறு கடை பூட்டு. வரேக்க ஒடியல் மா ஒரு கிலோ கொண்டு வாங்கோ, காசை உங்கட கணக்கில போடுறன், அப்பைத் திறந்து பாத்திட்டுத் தாங்கோ.