நிற்கத் தெரிந்த செல்கள்: உங்கள் அனுபவம் என்ன?

செல் வளர்ப்பு மாணவி:
தோலிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்கள் குடுவையின் அடித்தளத்தை மூடியதும் பிரிவதை நிறுத்திவிடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த ஒற்றை அடுக்கின் நடுவே பிப்பெட் முனையால் ஒரு கோடு கிழித்தேன். மறுநாள் நுண்ணோக்கியில், கோட்டின் இரு கரைகளிலும் இருந்த செல்கள் வெற்றிடத்தை நோக்கி நீண்டிருந்தன. அவற்றுள் ஒன்று தரைப்பிடியைத் தளர்த்தி முத்துப்போல் உருண்டு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் சிறுத்து இரண்டானது. கோடு அடைபட்டதும் எல்லாம் ஓய்ந்துவிட்டன. பக்கத்துக் குடுவையிலோ, 1951-இல் ஹென்ரியெட்டா லாக்ஸின் கருப்பைவாய்ப் புற்றுக்கட்டியிலிருந்து எடுக்கப்பட்ட ஹீலா செல்களின் வழித்தோன்றல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஊட்டத் திரவத்தையே மஞ்சளாக்கியிருந்தன. அவற்றில், கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் ஹெச்பிவி-18 வைரசின் இ6 புரதம் பி53-ஐச் சிதைக்கிறது, இ7 புரதம் ஆர்பி-யை முடக்குகிறது; இவ்விரண்டும் செல் பிரிவுக்குக் கடிவாளமிடும் புரதங்கள் என்பதால், அது புரிகிறது. ஃபைப்ரோபிளாஸ்ட்கள் ஒன்றையொன்று தொடுவதால்தான் நிற்கின்றன என்று நினைக்கிறேன்; ஆனாலும் இடைவெளி அடைபட்ட செய்தி அவற்றுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் இன்னும் மனத்தைக் குடைகிறது.

ஒரு தாய்:
நீங்கள் சொல்லும் ஆர்பி-யை நான் முதலில் பார்த்தது என் மகனின் மருத்துவ அறிக்கையில். பிறந்தநாள் படத்தில் மற்றக் குழந்தைகளின் கண்மணிகள் ஃபிளாஷில் சிவந்திருக்க, இவனுடைய இடக்கண் மட்டும் வெள்ளையாக மின்னியது. கேமரா சரியில்லை என்று சொல்லிக்கொண்டே பெரியப்பா மறுபடியும் எடுத்தார். அதிலும் அதே வெள்ளை. ரெட்டினோபிளாஸ்டோமா, அதாவது விழித்திரைப் புற்றுநோய் என்றார்கள். 13-ஆம் குரோமோசோம் இணையில் ஓர் ஆர்பி மரபணு பழுதானாலும் மற்றொன்று செல்லை நிறுத்திவைக்கும், இரண்டும் பழுதான செல்தான் கட்டுமீறும் என்று, 1971-இல் மரபியலாளர் ஆல்ஃபிரட் நட்சன் முன்வைத்த 'இரண்டு அடி' கருத்தை மருத்துவர் காகிதத்தில் வரைந்து காட்டினார். மகன் இப்போது நலம். அந்தப் படத்தை மட்டும் என்னால் இன்னும் திறக்க முடியவில்லை.

ஈஸ்ட் ஆய்வாளர்:
என் அனுபவம் சிறியது. செல் உரிய அளவு வளரும்வரை பிரிவதைத் தடுத்துவைக்கும் வீ1 மரபணு பழுதான பிளவு ஈஸ்ட்டை (நடுவில் பிளந்து இரண்டாகும் ஒற்றைச் செல் பூஞ்சையை) வெப்பநிலையை உயர்த்தி வளர்த்தபோது, செல்கள் போதிய அளவு வளருமுன்பே பிரிந்து பாதியளவில் நின்றன. எடின்பரோவில் உயிரியலாளர் பால் நர்ஸ் 1970-களில் கண்டது இதைத்தான்.

மாணவிக்கு ஒரு மறுப்பு: செல்கள் தொட்டுக்கொள்வதால் மட்டுமே நின்றுவிடுவதில்லை. நெருக்கம் கூடக்கூட ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் வளர்ச்சிக் காரணிகள் (பிரியத் தூண்டும் புரதங்கள்) குறைகின்றன. அவை அடங்கிய புதிய சீரம் சேர்த்துப் பாருங்கள், நிறைந்த குடுவையிலும் சில செல்கள் மறுபடி பிரியும்.

சகோதரி, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். ஒரு கண்ணில் மட்டும் வந்தது என்பதாலேயே பரம்பரைக் குறை இல்லை என்று கொள்ள முடியாது. மகனுக்கு மரபணுப் பரிசோதனை செய்யாவிட்டால் செய்துவிடுங்கள். குறை இருப்பது உறுதியானால் உடன்பிறந்தவர்களுக்கும் அதே பரிசோதனை தேவை, முடிவு வரும்வரை அவர்களுடைய விழித்திரையைக் கண் மருத்துவர் பார்த்துவர வேண்டும். அத்தகைய பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் எலும்புப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுதல் என்பதால், நீங்காத எலும்பு வலியை வளர்ச்சி வலி என்று தள்ளிவிடாதீர்கள்.

ஒரு தாய்:
எல்லாம் பார்த்தாயிற்று, ஐயா. மகனின் இரத்தத்தில் குறை இல்லை. இரண்டு அடிகளும் அந்த ஒரு கண்ணின் ஒரு செல்லில் பிற்பாடு விழுந்தவை என்றார்கள். ஏன் அந்தச் செல் என்று கேட்டேன். தற்செயல் என்றார் மருத்துவர்.