‘வழக்கு மேலாளர்’ வேண்டாம்: மருத்துவமும் சமூக சேவையும் சேருமிடத்துக்குச் சொல் தேவை

மடல் 1, மொன்றியலிலிருந்து

குழுவினருக்கு வணக்கம்.

முதியோருக்கான வீட்டுப் பராமரிப்புக் கையேடு ஒன்றைப் பிரெஞ்சிலிருந்து தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இரண்டு சொற்களில் இடறி நிற்கிறேன். ஒன்று ‘ஆந்தெக்ராசியோன்’: வைத்தியசாலை, வீட்டுக்கு வரும் தாதி, சமூகப் பணியாளர், சாப்பாடு கொண்டுவரும் தொண்டர் எல்லோரும் ஒருவருக்காக ஒரே திட்டத்தின்படி இயங்குவது. மற்றது ‘ழெஸ்தியோனேர் து கா’: அந்தத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரையும் துரத்திப் பிடிக்கும் ஆள்.

இரண்டாவதற்குப் பழைய மொழிபெயர்ப்பொன்றில் ‘வழக்கு மேலாளர்’ என்று இருந்தது. அதை வாசித்துக் காட்டியபோது, எண்பது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் என் கையைப் பிடித்து, “பிள்ளை, என்மேல் யார் வழக்குப் போட்டது?” என்று கேட்டார்.

பின்னணியையும் சொல்லிவிடுகிறேன். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் காஸ்தோங்கே–நெப்வே ஆணையத்தின் பரிந்துரைகளைத் தொடர்ந்து 1971இல் வந்த சட்டம் சுகாதாரத்தையும் சமூக சேவையையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டிலிருந்து சி.எல்.எஸ்.சி. எனும் உள்ளூர் நிலையங்கள் எழுந்தன; தாதியும் சமூகப் பணியாளரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தார்கள். கூரை ஒன்றானது, கோப்பு ஒன்றாகவில்லை. 1990களின் இறுதியில் ஷெர்புரூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மருத்துவர் ரெழான் எபேர் முன்னின்று, ‘பிரிஸ்மா’ என்ற முறையை வகுத்தது அதனால்தான். அமைப்புகள் அவையவையாகவே இருக்கும். ஆனால் நுழைவாயில் ஒன்று, மதிப்பீட்டுப் படிவம் ஒன்று, சேவைத் திட்டம் ஒன்று, கணினிக் கோப்பு ஒன்று, பொறுப்பாளர் ஒருவர். மேலே அமைப்புகள் கூடிப் பேசும் மேசை. எபேர் பிறகு 2012 முதல் 2014 வரை இத்துறையின் அமைச்சராகவும் இருந்தார்.

இதற்கெல்லாம் என்ன சொல்வது?

மடல் 2, சென்னையிலிருந்து

அன்புள்ள அம்மையீர்,

இவ்வளவு தவிக்க வேண்டியதில்லை. முதலாவது ‘ஒருங்கிணைப்பு’. அங்கன்வாடிகளை நடத்தும் திட்டத்துக்கு ‘ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள்’ என்றுதான் பெயர், 1975இல் தொடங்கியது. சத்துணவும் தடுப்பூசியும் முன்பருவக் கல்வியும் ஒரே வாசலில் கிடைப்பதைச் சொல்ல அந்தச் சொல் போதுமானதாக இருந்திருக்கிறது. இரண்டாமவர் ‘ஒருங்கிணைப்பாளர்’. கூடவே ஒரு வேண்டுகோள்: ‘சுகாதாரம்’ எதற்கு? எங்கள் துறைக்கே ‘மக்கள் நல்வாழ்வு’ என்று பெயர் மாற்றிவிட்டோம்.

மடல் 3, பாரிஸிலிருந்து

ஐயாவுக்கும் அக்காவுக்கும் வணக்கம்.

ஐயா, ‘ஒருங்கிணைப்பு’ பழுதில்லாத சொல். அதன் குறை வேலைப்பளு. திருமண மண்டபத்தில் பூமாலைக்கும் சாம்பாருக்கும் ஓடுகிறவரும் ஒருங்கிணைப்பாளர்தான். பிரெஞ்சில் ‘கோஓர்தினாசியோன்’ வேறு, ‘ஆந்தெக்ராசியோன்’ வேறு. முன்னதில் ஒருவரோடு ஒருவர் தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள். பின்னதில் ஒரே தாளில் எழுதுவார்கள். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் கையேட்டின் பாதிப் பொருள் கரைந்துவிடும்.

பிரான்சில் இது வெறும் சொற்சண்டை இல்லை. என் அம்மாவைக் குளிப்பாட்டுவது மருத்துவமா, உதவியா? மருத்துவர் எழுதிக் கொடுத்து வீட்டுத் தாதிச் சேவையின் உதவியாளர் வந்து குளிப்பாட்டினால் அது மருத்துவம்; மருத்துவக் காப்பீடு பணம் கொடுக்கும். வீட்டு உதவியாளர் வந்து அதே வாளி, அதே துவாயோடு குளிப்பாட்டினால் அது சமூக உதவி. 2002 முதல் மாவட்டங்கள் வழங்கிவரும் ‘ஆப்பா’ உதவித்தொகையிலிருந்து போகும். அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் காலையில் வரும் பெண்ணின் கை சில்லென்று இருக்கிறது என்பது மட்டுமே. இவ்விரு வகைச் சேவைகளையும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவரும் விதிமுறை 2023இல் வந்தது.

சொல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. 2008–2012 அல்சைமர் திட்டத்தில் கியூபெக்கின் பிரிஸ்மாவைப் பார்த்து ‘மாயா’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். முதலெழுத்துச் சுருக்கம் அது. விரித்தால் முதல் சொல் ‘மேசோன்’, அதாவது வீடு. ஆனால் வீடு எதுவும் கிடையாது. அது பல அமைப்புகள் சேர்ந்து வேலை செய்யும் முறை. கட்டடம் இல்லாத வீட்டுக்கு மாயா என்று பெயர் வாய்த்ததைத் தமிழர் மட்டுமே முழுதாக ரசிக்க முடியும். 2015 சட்டத்தில் சுருக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு விரிவை மட்டும் மாற்றினார்கள்: ‘மேசோன்’ போய் ‘மேத்தோத்’, அதாவது முறை, வந்தது. பிறகு 2019 சட்டம் மாயாவையும் வேறு சில அமைப்புகளையும் கலந்து புதுப் பெயர் சூட்டியது, அது தனிக்கதை.

அங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. ‘கிஷே யுனிக்’ நமக்குத் தெரிந்த ஒற்றைச் சாளரம். மாயா வேண்டாம் என்றது அதைத்தான். ‘கிஷே ஆந்தெக்ரே’ என்றார்கள்: சாளரங்கள் பல இருக்கலாம், எதைத் தட்டினாலும் ஒரே பதில் வரவேண்டும். ‘ஒத்த சாளரம்’ எனலாமா?

மடல் 4, மதுரையிலிருந்து

‘ஒத்த சாளரம்’ என்று எங்கள் ஊரில் சொன்னால் ஒற்றைச் சாளரம் என்றே காதில் விழும். வேண்டாம்.

நான் ஒன்று தருகிறேன்: தோள்மாற்று. சப்பரம் தூக்குகிறவர்கள் சாமியைத் தரையில் வைக்காமலே தோள் மாற்றிக்கொள்வார்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு நோயாளி வருவதும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஒருவர் விடுவதற்கு முன் இன்னொருவர் தாங்கியிருக்க வேண்டும்.

மடல் 5, சென்னையிலிருந்து

மதுரை நண்பரே, படிமம் அருமை. ஆனால் பாடை சுமப்பவர்களும் தோள் மாற்றுவார்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வருகிறவரின் கையில் அந்தச் சொல்லைக் கொடுக்க எனக்கு மனம் இல்லை.

பாரிஸ் மடலைப் படித்தபின் என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். தொலைபேசியில் பேசிக்கொள்வது ஒருங்கிணைப்பாகவே இருக்கட்டும். ஒரே தாளில் எழுதுவதற்குக் ‘கோவை’ என்று தோன்றுகிறது. மணிகள் தனித்தனியே இருக்க, நூல் ஒன்றாக ஓடுவது. அமைப்புகள் அவையவையாக இருக்கும் என்று அம்மையார் எழுதியதற்குப் பொருந்துகிறது. கோப்பும் கோவையும் ஒரே வேரில் பிறந்தவை என்பதால் ‘ஒரே கணினிக் கோப்பு’ என்பதும் உள்ளே அடங்கிவிடும். ‘பராமரிப்புக் கோவை’. கோயம்புத்தூர்க்காரர்கள் பொறுத்தருள்க.

மடல் 6, மொன்றியலிலிருந்து

ஐயா, ‘பராமரிப்புக் கோவை’யை எடுத்துக்கொண்டேன். ஒரு திருத்தம் மட்டும்: தலைப்பில் அது நிற்கும், உள்ளே ‘உங்களுக்கான எல்லாச் சேவைகளும் ஒரே திட்டத்தில்’ என்று விரித்து எழுதுவேன். பாரிஸ் சாளரத்துக்குச் சொல் கிடைக்கவில்லை. ‘எந்த வாசலில் கேட்டாலும்’ என்று வாக்கியமாகவே விட்டுவிட்டேன். எல்லாவற்றுக்கும் கலைச்சொல் வேண்டும் என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

‘நல்வாழ்வு’ பற்றி: இலங்கையில் படித்த முதியவர்களுக்குச் ‘சுகாதாரம்’, ‘சமூக சேவை’ என்பவை அரச அலுவலகப் பலகையில் பார்த்துப் பழகிய சொற்கள். இங்கே கையேட்டை வாசிப்பவர்களில் பெரும்பாலானோர் அவர்களே. அவற்றை மாற்றமாட்டேன், மன்னியுங்கள்.

வழக்கு மேலாளருக்கு விடை பிரெஞ்சிலேயே கிடைத்தது. இங்கே அதே வேலைக்கு ‘ஆந்தெர்வெனாம் பிவோ’ என்றும் சொல்வார்கள். புற்றுநோய்ப் பிரிவில் ‘பிவோ தாதி’யே உண்டு. பிவோ என்றால் சுழல்முனை, அச்சு. அச்சாணியில்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ‘அச்சாணிப் பணியாளர்’ என்று எழுதி, வழக்குப் பற்றிக் கேட்ட அதே அம்மாவிடம் நேற்று வாசித்துக் காட்டினேன். தலையாட்டினார். தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“சரி, என் அச்சாணியின் தொலைபேசி எண் எங்கே?”

மூலத்தில் அதற்கு இடமே இல்லை. முதல் பக்கத்தில் ஒரு கட்டம் விடும்படி வடிவமைப்பாளருக்கு இன்று எழுதியிருக்கிறேன்.