டி3 கொடுத்தும் மெத்திலேஷன் அசையவில்லை: எண்ணம் தப்பா, செய்முறை தப்பா?

காரைக்குடி_மாணவி
வணக்கம். ஹெப்ஜி2 செல் (மனித ஈரல் புற்றுச் செல்), 10 சதவீத சாதா எஃப்பிஎஸ் (கன்றுக் கரு சீரம்), 10 நானோமோலார் டி3 (தைராய்டு ஹார்மோன்), 24 மணி நேரம். டி3 முடுக்கிவிடும் கேஎல்எஃப்9 ஜீனின் ஆர்என்ஏ ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறவில்லை. புரோமோட்டரை (ஜீனின் தொடக்கப் பகுதி) பைசல்ஃபைட் போட்டு சீக்வென்ஸ் பண்ணினால் ஒரு தடவை மெத்திலேஷனே (டிஎன்ஏவில் மெத்தில் ஒட்டியிருப்பது) இல்லை, அடுத்த தடவை 40 சதவீதம். இரண்டாவது தடவை நடுவில் கரண்ட் போய் வந்தது. தைராய்டு ஹார்மோன் மெத்திலை எடுத்துத்தான் ஜீனைத் திறக்கிறது என்று நினைத்திருந்தேன். அண்ணன்மார், அக்காமார் யாராவது சொல்லுங்கள்.

வளவு
முதல்ல எண்ணத்தைச் சரி பண்ணிக்குவோம் தங்கச்சி. டி3 இல்லாதப்பவும் அதோட ரிசெப்டர் சும்மா இருக்கிறதில்லை. ஆர்எக்ஸ்ஆர்ங்கிற இன்னொரு ரிசெப்டரோட ஜோடி சேர்ந்து டிஎன்ஏ மேலேயே உட்கார்ந்து, என்கோர், ஸ்மர்ட்ங்கிற அடக்கும் புரதங்களைப் பிடிச்சு வச்சிருக்கும். அதுகளோட வர்ற ஹெச்டாக்3 என்சைம், டிஎன்ஏ சுத்தியிருக்கிற ஹிஸ்டோன் புரதத்துல இருக்கிற அசிட்டைலைக் கழற்றி ஜீனை மூடிடும். டி3 வந்து பொருந்தினதும் அந்தக் கூட்டம் விலகி, எஸ்ஆர்சி, பி300ங்கிற முடுக்கும் புரதங்கள் வந்து அசிட்டைலை ஏற்றும். சில மணி நேரத்து வேலை. இதுக்கு மெத்திலேஷன் மாறணும்னே இல்லை.

நம்ம பக்கம் பூட்டிக் கிடக்கிற வீடுகளை நினைச்சுக்கோங்க. அசிட்டைல் விஷயம் தாழ்ப்பாள் மாதிரி, ஆள் வந்தா உடனே விலகும். மெத்திலேஷன் துருப்பிடிச்ச பூட்டு. டெட் என்சைம் ஆக்சிஜன் ஏற்றி ஏற்றிக் கழற்றணும், இல்லைன்னா செல் பிரியப் பிரிய, புது இழையில மெத்தில் வைக்காம விட்டுத்தான் குறையணும். ஹெப்ஜி2 24 மணி நேரத்துல ஒரு தடவை பிரிஞ்சாலே அதிகம்.

இடமும் தப்பு. கேஎல்எஃப்9 புரோமோட்டர் சிபிஜி (சிக்கு அடுத்து ஜி வர்ற இடம், மெத்தில் ஒட்டுறது பெரும்பாலும் இங்கேதான்) நிறைஞ்ச தீவு. அங்கே ஏற்கெனவே மெத்தில் கிடையாது, எதைக் குறைக்கிறது? டி3 ரிசெப்டர் பிடிக்கிற இடம் பல கிலோபேஸ் (ஆயிரக்கணக்கான டிஎன்ஏ எழுத்து) மேலே இருக்கு. அங்கே ப்ரைமர் போடுங்க.

தேவகோட்டை_லேப்
ஜீன் ஏறாததுக்குக் காரணம் சீரம். சாதா எஃப்பிஎஸ்ல டி3, அதுவா மாறுற டி4 ஹார்மோன் இரண்டும் இருக்கு. உங்க கன்ட்ரோல் செல்லே பாதி முடுக்கிவிடப்பட்டதுதான். கரியும் அயனி மாற்று பிசினும் போட்டு ஹார்மோன் நீக்கின சீரத்துக்கு, டி3 கொடுக்கிறதுக்கு 24 முதல் 48 மணி நேரம் முன்னாடியே மாறிடுங்க. அதோட ஹெப்ஜி2ல ரிசெப்டரே குறைச்சல். டிஆர்பீட்டா1ங்கிற டி3 ரிசெப்டரை நிலையா ஏத்தின ஹெப்ஜி2 கிடைச்சா பாதிப் பிரச்சினை தீரும்.

ஸ்டாக்: 1 மில்லிகிராம் டி3யை 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 1 மில்லியில கரைச்சு, மேலே 14.4 மில்லி ஹார்மோன் நீக்கின சீரம் கலந்த மீடியம் ஊத்துங்க. 100 மைக்ரோமோலார் வரும். 10 மில்லிக்கு 1 மைக்ரோலிட்டர் போட்டா 10 நானோமோலார். சீரம் இல்லாத மீடியத்துல நீர்த்தா டி3 குழாய்ச் சுவர்லயே ஒட்டிக்கும், டோஸ் குறையும். கன்ட்ரோலுக்கும் அதே அளவு சோடியம் ஹைட்ராக்சைடு போகணும்.

அந்த 40 சதவீதத்தை நம்பாதீங்க. பைசல்ஃபைட் மெத்தில் இல்லாத சைட்டோசினை யுராசிலா மாத்தும். சீக்வென்ஸ்ல அது தைமின், அதாவது 'டி' எழுத்தா வரும். ஓட்டம் பாதியில நின்னா மாறாம மிச்சம் இருக்கிற சி எல்லாம் மெத்தில் மாதிரியே தெரியும். சிபிஜி அல்லாத சைட்டோசின்களைப் பாருங்க. அங்கேயும் சி மிச்சம் இருந்தா அந்த ரன்னைத் தூக்கிப் போடுங்க, 99 சதவீதத்துக்குக் கீழே மாற்றம்னா ஏத்துக்கவே கூடாது. மெஷினை யுபிஎஸ்ல போடுங்க. ப்ரைமருக்குள்ள சிபிஜி வரக் கூடாது, ஆம்ப்ளிகான் (பிசிஆர்ல பெருக்குற துண்டு) 300 பேஸுக்குள்ள இருக்கட்டும், ஏன்னா பைசல்ஃபைட் டிஎன்ஏவைத் துண்டு துண்டாக்கிடும். சாதாரண ப்ரூஃப்ரீடிங் பாலிமரேஸ் யுராசில் வந்த இடத்துல நின்னுடும், ஹாட்ஸ்டார்ட் டாக் பாலிமரேஸ் எடுங்க.

ஊருணி
ஹார்மோனுக்கும் மெத்திலேஷனுக்கும் தொடர்பே இல்லைன்னு யாரும் எடுத்துக்க வேண்டாம். ஊருணியில நெளியுற தலைப்பிரட்டைக்குக் குதிரையின் தைராய்டைக் கொடுத்து, சீக்கிரமே தவளையாக்கிக் காட்டினார் குடர்நாட்ச்ங்கிற ஆய்வாளர், 1912ல. அந்தத் தலைப்பிரட்டையிலயும் எலிக்குட்டி மூளையிலயும் டிஎன்எம்டி3ஏ ஜீனை டி3யே நேரடியா முடுக்குது. அதாவது மெத்தில் வைக்கிற என்சைமையே ஹார்மோன் ஆளுது. எதிர்த்திசையும் இருக்கு: டி3யை டி2வாக்கிச் செயலிழக்கச் செய்யுற டிஐஓ3 ஜீன், மனிதர்கள்ல 14ஆம் குரோமோசோம்ல மெத்திலேஷனால முத்திரையிடப்பட்ட பகுதியில இருக்கு. இதைத் தொட விருப்பம்னா ஹெப்ஜி2 வேண்டாம், வளர்ற நரம்பு செல் எடுங்க.

காரைக்குடி_மாணவி
நன்றி. தைராய்டு குறைவுள்ளவர்களின் ரத்தத்தில் இதையே பார்க்கலாமா?

வளவு
பார்க்கலாம், ஆனா முதல்ல செல் கலவையைத் திருத்தணும். நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட்ங்கிற வெள்ளணுக்களோட விகிதம் மாறினாலே மெத்திலேஷன் எண் மாறும், ஆட்டோஇம்யூன் தைராய்டிட்டிஸ்ல அந்த விகிதமே நகரலாம். முடி, நகத்துக்குன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிடுறாங்களான்னும் கேட்டுக்குங்க. டோஸ் அதிகமா இருந்தா, பயோட்டின் பிடிப்பை நம்புற கிட்கள்ல டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டுற ஹார்மோன்) பொய்யாக் குறைஞ்சும் ஃப்ரீ டி4 பொய்யா ஏறியும் வரும். டிஎஸ்ஹெச்சை வச்சு ஆட்களைப் பிரிச்சீங்கன்னா குழுவே தப்பாயிடும்.