தரைக்கு அடியில ஓடுற ஹீட்டிங் பைப்புக்கு லேகிங் (சூடு போகாம காக்குற ஃபோம் உறை) போடலாமா, வேஸ்டா?

தேம்ஸ்கரை:

வணக்கம் மக்களே, இங்கிலாந்துல ரெடிங் ஊர்ல 1930கள்ல கட்டின செமி டிடாச்டு வீடு, போன கோடையில தான் வாங்குனோம். கீழ்த்தளம் முழுக்க மரத்தரை. முன்ரூம்ல பழைய கார்ப்பெட்ட உரிச்சப்போ மூலையில பலகைய சதுரமா அறுத்து மூடி மாதிரி வச்சிருந்தாங்க, தூக்கிப் பாத்தா கீழ ரெண்டு அடிக்கு காலியிடம், போன் டார்ச் அடிச்சா ரெண்டு 22 எம்எம் காப்பர் பைப் ஜோடியா வீட்டு நீளத்துக்கும் ஓடுது, அதுலருந்து 15 எம்எம் பைப்பு ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் பிரிஞ்சு போகுது. எதுலயும் ஒண்ணுமே சுத்தல, வெறும் பைப். பாய்லர் ஓடிட்டிருந்த நேரம், கைய வச்சா சுடுது, ஆனா அந்தப் பக்கம் சுவத்து ஓட்டை வழியா வர்ற காத்து மூஞ்சில ஜில்லுனு அடிக்குது. காசு கொடுத்து தண்ணிய சூடாக்கி வெளிய அனுப்புற மாதிரி இருக்கு.

பின்ரூம் ரேடியேட்டர் எப்பவுமே வெதுவெதுன்னு தான் இருக்கு, இந்த பைப்பால தானோன்னு ஒரு டவுட். ஒரு பிளம்பர் வந்து பாத்துட்டு மொத்தமா லேகிங் போட 600 பவுண்டு சொல்லிட்டுப் போனாரு. வீட்டுல வைஃப் சொல்றாங்க, சூடு மேல தான ஏறும், தரை வழியா ரூமுக்குத் தான வருது, அப்புறம் எதுக்கு செலவுன்னு. மச்சான் போன்ல சொல்றான், முதல்ல அந்த ஓட்டையெல்லாம் அடைச்சு விடு, எல்லாம் சரியாயிடும்னு. யாரு சொல்றத கேக்குறது? நாமளே இறங்கி பண்ணக்கூடிய வேலையா? 13, 19, 25 எம்எம்னு தடிமன் வேற மூணு இருக்கு, எத வாங்கணும்?

பழைய_ஸ்பேனர்:

முதல் விஷயம், மச்சான் பேச்ச கேட்டு அந்த ஓட்டைய மட்டும் அடைச்சிடாதீங்க. அதுக்குப் பேரு ஏர் பிரிக், தரைக்கு அடியில இருக்குற ஈரம் வெளிய போறதுக்குன்னே வச்சது. அத அடைச்சா தரைப்பலகைய தாங்குற ஜாய்ஸ்ட் கட்டை ஈரம் குடிச்சு உளுத்துப் போகும், அப்புறம் நீங்க பேசப்போற தொகை 600 இல்ல, ஆயிரக்கணக்குல. இலை, மண்ணு அடைச்சிருந்தா அதையும் எடுத்து விடுங்க.

வைஃப் சொல்றது மாடிக்கு சரி. கீழ் ரூம் சீலிங்குக்கும் மாடித் தரைக்கும் நடுவுல ஓடுற பைப்புல இருந்து போற சூடு எங்க போனாலும் வீட்டுக்குள்ள தான் இருக்கும், அதுக்கு லேகிங் தேவையே இல்ல. ஆனா உங்க கேஸ்ல தரைக்குக் கீழ காத்து குறுக்கால ஓடிட்டே இருக்கு, சூடு மேல ஏறி பலகைய தொடுறதுக்குள்ள பெரும்பகுதி அந்தப் பக்க ஓட்டை வழியா போயிடும்.

இப்ப கணக்கு. வெறும் 22 எம்எம் பைப்புல தண்ணி 60 டிகிரி வாக்குல ஓடுது, கீழ காத்து 10 டிகிரின்னு வச்சா மீட்டருக்கு சுமார் 35 வாட் போகும். 13 எம்எம் ஃபோம் போட்டா 13 வாட், 19 போட்டா 10 இல்ல 11, 25 போட்டா 9. அதாவது முதல் 13 எம்எம் தான் பெரிய வேலைய செய்யுது, அதுக்கு மேல தடிமன் ஏத்த ஏத்த கிடைக்குறது கொஞ்சம் கொஞ்சம் தான். ஆனா ஒருதடவ தான் கீழ தவழ்ந்து போகப்போறீங்க, இடம் இருந்தா 19 போட்டு விட்டுருங்க, இடுக்கான இடத்துல 13. 25க்கு அலைய வேண்டாம்.

போறதும் வர்றதும் சேத்து 20 மீட்டர் இருக்கும்னு வச்சுப்போம். ஃபோம் போட்டா 400 வாட்டுக்கு மேல மிச்சம். தினம் அஞ்சு ஆறு மணி நேரம், வருசத்துல 200 நாள் ஹீட்டிங் ஓடுனா, பாய்லர்ல ஆகுற நஷ்டத்தையும் சேத்து கேஸ்ல 500 யூனிட் கிட்ட வரும். யூனிட் 6 பென்ஸ்னு போட்டா வருசத்துக்கு 30 பவுண்டு. ஃபோம் ரெண்டு மீட்டர் நீளம் மூணு நாலு பவுண்டுக்கு கிடைக்குது, நீங்களே செஞ்சா ஒண்ணு ரெண்டு குளிர்காலத்துல போட்ட காசு திரும்ப வந்துரும். 600 குடுத்தா இருபது வருசம் ஆகும். பதில் அதுலயே இருக்கு.

ஆனா பின்ரூம் ரேடியேட்டர் இதனால சரியாகும்னு மட்டும் நம்பாதீங்க. 10 மீட்டர் வெறும் பைப்புல தண்ணி ஓடுனா ஒரு டிகிரிகூட முழுசா குறையாது, ஏன்னா அவ்ளோ தண்ணி ஓடுது. கடைசி 15 எம்எம் துண்டுல ரெண்டு மூணு டிகிரி போகலாம். 65ல கிளம்புனது 62ல வந்து சேந்தா ரேடியேட்டர் வெதுவெதுன்னா இருக்கும்? அந்த ரேடியேட்டருக்கு தண்ணியே சரியா வரல. மேல் பக்கம் ஜில்லுனு இருந்தா காத்து மாட்டியிருக்கு, பிளீட் பண்ணுங்க, அதாவது அந்தக் காத்த வெளிய விடுங்க. அடியில நடுவுல மட்டும் ஜில்லுனு இருந்தா கசடு. மொத்தமா மந்தமா இருந்தா பேலன்சிங், அதாவது பாய்லருக்கு பக்கத்துல இருக்குற ரேடியேட்டர்கள்ல லாக்‌ஷீல்டு வால்வ (ரேடியேட்டரோட ஒரு முனையில மூடிக்குள்ள இருக்குறது) கொஞ்சம் கொஞ்சமா மூடிட்டு வந்தா தூரத்து ரேடியேட்டருக்கு தண்ணி போகும். பைசா செலவில்லாத வேலை, அத முதல்ல பாருங்க.

வடமராட்சியான்:

ஸ்பேனர் அண்ணை சொன்ன கணக்கு சரி, நான் வேலையப் பற்றி சொல்லுறன், உந்த வேலை நான் கன வீட்டில செய்திருக்கிறன்.

தம்பி, கீழ இறங்க முதல் ஒருக்கா டோர்ச் அடிச்சு வடிவா பாருங்கோ. பழைய பைப்பில வெள்ளையா, சாம்பலா, சுண்ணாம்பு அப்பினமாதிரி, இல்லாட்டி துணி சுத்தி பெயின்ட் அடிச்சமாதிரி ஏதும் கிடந்தா கைய வைக்காதேங்கோ, அந்த வயசு வீட்டில அது அஸ்பெஸ்டஸா (தூசி சுவாசிச்சா நுரையீரலுக்கு ஆபத்தான நார்) இருக்கலாம். இந்த நாட்டில அத முழுசா தடை செய்தது 1999ல தான். பைப் லேகிங்கில இருக்கிற அஸ்பெஸ்டஸ லைசன்ஸ் உள்ள ஆக்கள் தான் எடுக்கலாம். கீழ மண்ணோட உடைஞ்சு கிடக்கிற துண்டுகளும் அப்பிடித்தான், பாக்காம தவழ்ந்து போறது நல்லதில்ல.

அது ஒண்டும் இல்லையெண்டா, ஹீட்டிங்க நிப்பாட்டி பைப் ஆறினாப் பிறகு இறங்குங்கோ. எஃப்எஃப்பி3 மாஸ்க் (நுண்தூசிய தடுக்கிறது), முழங்கால் பேட், ஹெட் டோர்ச், மேல ஒரு ஆள் கட்டாயம். போனையும் கொண்டு போங்கோ. முப்பதுகளில கட்டினவங்கள் கட்டிட மிச்சம் எல்லாத்தையும் கீழ தான் போட்டவங்கள், உடைஞ்ச கண்ணாடி, ஆணி, செங்கல் எண்டு எல்லாம் கிடக்கும்.

ஃபோம் வெட்ட ஸ்டான்லி கத்திய விட பாண் (பிரெட்) வெட்டுற பல்லுக்கத்தி திறம், ஒரே இழுவையில நேரா வெட்டும். முழங்கை மாதிரி வளையிற இடத்தில ரெண்டு துண்டையும் 45 டிகிரியில சரிச்சு வெட்டி சேருங்கோ, T மாதிரி பைப் பிரியிற இடத்தில ஒரு துண்டில வி மாதிரி வெட்டி மற்றத அதுக்குள்ள இறுக்குங்கோ. வளைச்சு மட்டும் விட்டா வெளிப்பக்கம் வாய் பிளந்து நிக்கும், சூடு போறது அந்த இடத்தாலதான். நீளப்பக்க வெடிப்ப பசை போட்டு ஒட்டி, மூட்டுக்கு அலுமினியம் டேப் சுத்துங்கோ. கறுப்பு இன்சுலேஷன் டேப் வேண்டாம், சூட்டில பசை காய்ஞ்சு கழண்டு விழும். கேபிள் டை போட்டாலும் ஃபோம் நசியிற அளவுக்கு இறுக்காதேங்கோ, நசிஞ்ச இடத்தில தடிமன் எங்க?

கரண்ட் வயர் ஏதும் பைப்போட ஒட்டி ஓடினா அத ஃபோமுக்கு உள்ள சேத்து மூடாதேங்கோ, வயர் சூடேறும், தள்ளி கிளிப் அடிச்சு விடுங்கோ. பைப்பில பச்சை மஞ்சள் எர்த் வயர் பூட்டின கிளாம்ப் இருந்தா அத மூடாம ரெண்டு பக்கமும் ஃபோம வெட்டி விடுங்கோ, எலக்ட்ரீசியன் வந்தா பாக்க வேணும். காஸ் பைப்பும் அங்கதான் ஓடும், அதுக்கும் காப்பர் தானே எண்டு லேகிங் போட்டிடாதேங்கோ. எது எதெண்டு பாத்து சோக்கால குறிச்சுப்போட்டு தொடங்குங்கோ.

கணக்குப்பிள்ளை:

வருசத்துக்கு 30 பவுண்டுக்காக சிலந்திவலைக்குள்ள மூஞ்சிய விடணுமா? என்னைக் கேட்டா பைப்ப மட்டும் பண்றது அரைகுறை வேலை. அதே தரைப்பலகை வழியா ரூமோட சூட்டுல ஒரு பகுதி கீழ இறங்குது, இடுக்கு வழியா குளிர்காத்து மேல வருது. ஜாய்ஸ்டுக்கு நடுவுல வலை கட்டி மினரல் வுல் (சூடு காக்குற பஞ்சு) போட்டா கால் ஜில்லுனு இருக்குறது நிக்கும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். எப்படியும் கீழ இறங்கப்போறீங்கன்னா ரெண்டையும் சேத்து யோசிங்க.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும், தரைக்கு வுல் போட்டுட்டா மேல இருந்து இறங்குற சூடு நின்னுடும், கீழ இடம் இப்ப இருக்குறத விட இன்னும் ஜில்லுனு ஆகும். அப்போ பைப்பு வுல்லுக்குக் கீழ தொங்குனா லேகிங் கட்டாயம், பச்சத்தண்ணி பைப்புக்கும் சேத்து. வுல்லுக்கு மேல, பலகைய ஒட்டி ஓடுனா அது வீட்டுக்குள்ள இருக்குற மாதிரி, விட்டுடலாம். அதனால முதல்ல பைப், அப்புறம் தரை, இந்த ஆர்டர்ல பண்ணுங்க. வுல் கட்டுனப்புறம் பைப்ப தேடிப் போறது நரகம்.

ஆள் வச்சு பண்ணுனா இன்சுலேஷன் வேலைக்கு 2027 மார்ச் 31 வரைக்கும் வாட் வரி (VAT) கிடையாது, பைப் லேகிங்கும் அதுல வரும். நாமளே கடையில சாமான் வாங்குனா 20 சதவீதம் கட்டணும். அந்த 600ல வாட் வரி சேத்திருக்காங்களான்னு பிளம்பர்கிட்ட கேட்டுப் பாருங்க.

தேம்ஸ்கரை:

அடேங்கப்பா, இவ்ளோ விஷயம் இருக்கா. ரொம்ப நன்றி எல்லாருக்கும். நேத்து ரேடியேட்டர தொட்டுப் பாத்தேன், மேல கீழ ஒரே மாதிரி மந்தமா தான் இருக்கு, அப்போ ஸ்பேனர் அண்ணா சொன்ன பேலன்சிங் தான் போல, ஹால் ரேடியேட்டர் மட்டும் கொதிக்குது.

இன்னும் ரெண்டு டவுட். திரும்பி வர்ற ரிட்டர்ன் பைப்புக்கும் போடணுமா? கண்டென்சிங் பாய்லருக்கு ரிட்டர்ன் தண்ணி ஜில்லுனு வந்தா தான் நல்லதுன்னு ஒரு வீடியோவுல பாத்தேன், அப்போ அத வெறுமனே விட்டா நல்லது தானே? ரெண்டாவது, சில இடத்துல பைப்ப பிளாஸ்டிக் கிளிப்புல ஜாய்ஸ்டோட ஒட்டி அடிச்சிருக்காங்க, விரல் நுழையக்கூட இடமில்ல, அங்க ஃபோம் எப்படி போகும்?

பழைய_ஸ்பேனர்:

வீடியோ பாதி உண்மை. ரிட்டர்ன் 55 டிகிரிக்கு கீழ வந்தா தான் பாய்லர்ல புகையோட இருக்குற நீராவி தண்ணியாகி அந்தச் சூடும் நமக்குக் கிடைக்கும், அது சரி. ஆனா தண்ணி ஆறவேண்டிய இடம் ரேடியேட்டர். தரைக்கு அடியில ஆறுன சூட்டையும் பாய்லர் திரும்ப கேஸ் எரிச்சு தான் ஏத்தணும், அது யாருக்கும் போய்ச் சேராத சூடு. ரெண்டு பைப்புக்கும் போடுங்க. ரிட்டர்ன் ஜில்லுனு வேணும்னா பாய்லர்ல ஃப்ளோ டெம்பரேச்சர (பாய்லர்ல இருந்து கிளம்புற தண்ணியோட சூடு) 70ல இருந்து 60, 55னு இறக்கிப் பாருங்க, வீடு சூடாக கொஞ்சம் நேரம் கூட எடுக்கும், ஆனா கேஸ் குறையும். ஹாட் வாட்டர் சிலிண்டர் இருந்தா அதுக்கு 60 டிகிரி வேணும், அத மட்டும் கவனிச்சுக்குங்க.

வடமராட்சியான்:

கிளிப் விஷயம்: ஒவ்வொண்டா கழட்டி, அதே இடத்தில கொஞ்சம் நீளமான ஸ்டட்டில (ஆணி மாதிரி மரையுள்ள கம்பி) முன்சன் ரிங், அதாவது பைப்ப சுத்திப் பிடிக்கிற வளையம், போட்டா பைப் கட்டையில இருந்து விலகி நிக்கும், ஃபோம் சுத்தி வரும். ஒரே நேரத்தில எல்லாத்தையும் கழட்டாதேங்கோ, பைப் தொங்கினா சோல்டர் மூட்டு இழுபடும். ஜாய்ஸ்டில காடி வெட்டி பைப் குறுக்கால போற இடம் இருந்தா அங்க ஒண்டும் செய்ய ஏலாது, ரெண்டு பக்கமும் கட்டை வரைக்கும் கொண்டு போய் இறுக்கி முடியுங்கோ, ஃபோம் நுழையட்டும் எண்டு காடிய இன்னும் பெருசா வெட்டிப்போடாதேங்கோ.

லெஸ்டர்_அக்கா:

தம்பி, டிசம்பர்ல ஊருக்குப் போற ஆளா நீங்க? நம்ம ஆளுங்க பாதிப்பேரு பள்ளிக்கூட லீவுல மொத்த குடும்பமா கிளம்பிடுவோம், அதனால சொல்றேன். லேகிங் போட்டாச்சு, இனி பைப் உறையாதுன்னு ஹீட்டிங்க முழுசா ஆஃப் பண்ணிட்டுப் போயிடாதீங்க. லேகிங் சூடு போறத தாமதப்படுத்தும், அவ்ளோதான். உள்ள சூடே இல்லன்னா நாள் கணக்குல ஃப்ராஸ்ட் (உறைபனி) இருக்கும்போது ஃபோமுக்குள்ளயும் தண்ணி உறையும். பாய்லர்ல இருக்குற ஃப்ராஸ்ட் புரொடெக்‌ஷன் பெரும்பாலும் பாய்லர தான் காப்பாத்தும், உங்க தரைக்கு அடியில என்ன குளிர்னு அதுக்குத் தெரியாது. சிஸ்டத்துல ஊத்துற இன்ஹிபிட்டர் துரு பிடிக்காம இருக்க, அது தண்ணி உறையாம தடுக்குற ஆன்டிஃப்ரீஸ் கிடையாது. தெர்மோஸ்டாட்ட 12ல வச்சுட்டுப் போங்க, வீட்டுக்கு வர்ற தண்ணிய நிறுத்துற மெயின் ஸ்டாப் டேப்ப மூடிட்டுப் போனா இன்னும் நல்லது.

மிச்ச ஃபோம் இருந்தா பாய்லர்ல இருந்து வெளிய போற வெள்ளை பிளாஸ்டிக் பைப்பையும் பாருங்க, கண்டென்சேட் பைப், பாய்லர்ல நீராவி ஆறி சேர்ற தண்ணி வெளிய போறது. 2018ல பீஸ்ட் ஃப்ரம் தி ஈஸ்ட்னு சொன்ன கடும் பனிக்குளிர் வந்தப்போ எங்க தெருவுல பாதி வீட்டுல பாய்லர் நின்னதுக்கு அது உறைஞ்சது தான் காரணம். வெளிய ஓடுற துண்டுக்கு வெயில் மழை தாங்குற ஃபோமா போடுங்க, உள்ள போடுற சாம்பல் ஃபோம் வெயில்ல பொடிப்பொடியா உதிரும்.

வடமராட்சியான்:

அக்கா சொன்னது முக்கியம். தம்பி, எல்லாம் முடிஞ்சு பலகைய திருப்பிப் போடேக்க ஆணி அடியாதேங்கோ, ஸ்குரூ போடுங்கோ, பிறகு திறக்க சுகம். பைப் போற பாதைய பலகையில பென்சிலால கோடு கீறி, ஒரு படமும் எடுத்து வச்சுக்கொண்டு கார்ப்பெட்ட போடுங்கோ, கார்ப்பெட் காரர் ஓரத்துக் கட்டைக்கு ஆணி அடிக்க வருவினம், அவைக்கும் ஒருக்கா காட்டுங்கோ.