மூன்றாம் மாடியில் ஓட்டுவதற்குச் சத்தம் குறைந்த சைக்கிள் டிரெயினர் எது?

நொய்யல்கரை:
கோவை சரவணம்பட்டியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வசிக்கிறேன். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று சாலையில் சைக்கிளை நகரவிடுவதில்லை என்பதால், சைக்கிளை நகராமல் நிறுத்தி, நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெயினர் என்ற தாங்கியை வாங்கி, காலை ஐந்து மணிக்கு வீட்டிற்குள்ளேயே பயிற்சி செய்யலாம் என்றிருக்கிறேன். என்னிடம் இருப்பது 21 கியர் ஹைபிரிட் சைக்கிள். டயர் பட்டன் வைத்த வகை. கீழ் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. கடையில் மிதிப்பதற்கான எதிர்ப்பைக் காந்தத்தால் தரும் காந்த வகை, திரவத்தால் தரும் திரவ வகை, பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு மாட்டும் வகை என மூன்றைக் காட்டினார்கள். 25,000 ரூபாய்க்குள் எதை வாங்கலாம்?

ஈரோட்டு மிதிவண்டி:
காந்த வகை, திரவ வகை இரண்டிலும் பின் டயர் ஓர் உருளையின்மேல் அழுந்திச் சுழல்கிறது. சத்தத்தின் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது. ஆகவே பட்டன் டயரோடு எவ்வளவு விலையுள்ள டிரெயினரை வாங்கினாலும், மாவு மில்லுக்கு அடுத்த வீட்டில் குடியிருப்பது போலத்தான் இருக்கும். வழுவழுப்பான டயரை மாற்றி, அதன் பக்கவாட்டில் குறித்துள்ள அளவுக்குள் நன்றாகக் காற்றடைத்து, டயர் உருளையில் வழுக்காத அளவுக்கு டிரெயினரின் திருகை இறுக்குங்கள்.

இரண்டில் ஒன்று என்றால் நான் திரவ வகையைச் சொல்வேன். வேகம் கூடக்கூட எதிர்ப்பும் தானாகவே கூடுவதால் சாலையில் ஓட்டும் உணர்வுக்கு அது நெருக்கமானது. சாதாரணக் காந்த வகையில் எதிர்ப்பை நாமே மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

சென்னிமலைச் சக்கரம்:
மேலே சொன்ன அண்ணனோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனாலும் சத்தம் ஒன்றையே அளவுகோலாக வைத்தால், பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டும் வகைதான் சிறந்தது. டயரே இல்லாததால் செயினின் ஓசையும் உள்ளிருக்கும் பெல்ட்டின் மெல்லிய இரைச்சலும் மட்டுமே மிஞ்சும். அதன் விலை உங்கள் தொகையைத் தாண்டிவிடும் என்பது ஒருபுறம் இருக்க, 21 கியர் என்றால் பின்னால் ஏழு பல்சக்கரங்கள், அதுவும் பெரும்பாலும் மரையில் திருகி ஏற்றும் பிரீவீலாக இருக்கும். அதை அப்படியே கழற்றி டிரெயினரில் மாட்ட முடியாது. ஏழு அடுக்குக் கேசட் (திருகாமல் செருகி மாட்டும் பல்சக்கரத் தொகுப்பு) ஒன்றைத் தனியாக வாங்கி, இடைவளையம் வைத்துப் பொருத்த வேண்டும். எந்த வகையை வாங்கினாலும், பின் அச்சு நெம்புகோலால் கழற்றுவதா, நட்டு போட்டதா என்று சைக்கிள் கடையில் காட்டித் தெரிந்துகொள்ளுங்கள். நட்டு போட்ட அச்சு சில டிரெயினர்களின் பிடியில் சரியாக உட்காராது.

நொய்யல்கரை:
இருவருக்கும் நன்றி. அச்சு நெம்புகோல் வகைதான். பின்னால் இருப்பது பிரீவீல் என்று கடைக்காரரும் உறுதி செய்தார். ஆகவே திரவ வகையையே வாங்கப் போகிறேன். டயரை மாற்றிவிட்டால் கீழ் வீட்டாருக்குக் கேட்காதா?

ஈரோட்டு மிதிவண்டி:
உங்கள் காதில் விழுவது வேறு, கீழே போய்ச் சேருவது வேறு, சகோதரி. காற்றில் வரும் இரைச்சலைக் கான்கிரீட் தளம் பெருமளவு தடுத்துவிடும். தளத்தின் வழியாகவே இறங்கும் அதிர்வைத்தான் அதனால் தடுக்க முடியாது. உடற்பயிற்சிக் கூடங்களில் விரிக்கும் தடித்த ரப்பர் விரிப்பை டிரெயினரின் கால்களுக்கும் முன் சக்கரத்துக்கும் அடியில் போடுங்கள். யோகா பாய் இதற்குப் போதாது, அழுந்திவிடும். அறையின் நடுவில் தளம் அதிகம் அதிரும் என்பதால், உத்திரத்தை ஒட்டி, சுவரோரமாக வைப்பது நல்லது. எழுந்து நின்று மிதிப்பதைக் காலை வேளையில் தவிர்த்துவிடுங்கள்.

எதிர்க்காற்று இல்லாமல் வீட்டிற்குள் மிதித்தால் வியர்வை கொட்டும். மின்விசிறி கட்டாயம் வேண்டும். மேசை விசிறியையும் அதே விரிப்பின்மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டில்பார் மீது ஒரு துண்டைப் போட்டுவிட்டால் வியர்வை இறங்கித் திருகுகள் துருப்பிடிக்காது.

சென்னிமலைச் சக்கரம்:
ஐந்து மணிக்குத் தொடங்குவதற்கு முன், ஒருநாள் மாலையில் கீழ் வீட்டாரிடம் சொல்லிவிட்டு, வீட்டில் ஒருவரை மிதிக்கச் செய்து, நீங்களே கீழே போய் அந்தக் குழந்தை தூங்கும் அறையில் நின்று கேட்டுப் பாருங்கள். அங்கே உறுமல் கேட்டால் மேலே இடத்தை மாற்றி வைத்து மறுபடியும் கேளுங்கள்.